சல்லடை இல்லாத சான்றிதழ்

அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் சின்னவள்தான். வாங்கிய கையோடு அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: இனிமேல் இந்த வீட்டில் யாரும் குழாயைப் பற்றிப் பேசக் கூடாது. அப்பா முப்பது வருடம் வீடு வீடாகப் போய்க் குழாய் மாட்டியவர். விருந்துக்குப் போன இடத்திலும் சமையலறைப் பக்கம் காதை நீட்டி, “வாஷர் போயிடுச்சு போலிருக்கே” என்று சொல்லி அம்மாவின் மானத்தை வாங்குவார். அந்தச் சத்தத்திலிருந்து தப்பிக்கத்தான் சின்னவள் நான்கு வருடம் இன்ஜினியரிங் படித்தாள்.

கம்ப்யூட்டர்களை மொத்தமாக அடுக்கி வைக்கும் டேட்டா சென்டர் கட்டும் கம்பெனியில் வேலை கிடைத்ததும் வீடே குதித்தது. கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட வேலை, குளுகுளு அறை, கழுத்தில் அட்டை. முதல் நாள் அவளை அடித்தளத்துக்குக் கூட்டிப் போனார்கள். ஆள் நுழைந்து தவழும் அளவு தடிமனில் ஓடிய குழாய்களைக் காட்டி, “இதுதான் மேடம் உங்க டிபார்ட்மெண்ட்” என்றார்கள்.

சேதி கேட்ட அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். “நாலு வருஷம் சுத்திட்டு அப்பாவோட வேலைக்கே வந்து சேர்ந்திருக்கியா? சரி, கம்ப்யூட்டருக்கு எதுக்குடி குழாய்? அது குளிக்குதா?”

“குளிக்கலக்கா, சூடாகுது. முன்னாடியெல்லாம் காத்து ஊதினா அடங்கிடும். இப்ப வர்ற சிப்பெல்லாம் இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதிக்குது. காத்துக்கு அடங்கல. அதனால தண்ணிய நேரா அதோட தலைக்கே கொண்டு போறோம்.”

“ஐஸ் தண்ணியா?”

“இல்ல. நாப்பது டிகிரி. தொட்டா வெதுவெதுன்னு இருக்கும்.”

“சூட்டைத் தணிக்க வெந்நீரா? அடியேய், இதை வெளியில சொல்லித் தொலைக்காத. தங்கச்சி படிச்சவன்னு நாலு பேர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்.”

அந்த இடத்தில் கட்டிடம் என்று எதையும் கட்டவில்லை என்பதே பெருமை. அறைகள் எங்கோ ஒரு தொழிற்சாலையில் கம்பி, குழாய், விளக்கு சகிதம் தயாராகி லாரியில் வந்து இறங்கும். கிரேன் அவற்றைத் தீப்பெட்டி அடுக்குவதுபோல அடுக்கும். முன்பக்கச் சுவர் முழுக்கச் செடி வளர்க்கும் திட்டமும் உண்டு. செடிகள் வந்தன, அவற்றுக்குத் தண்ணீர் விடும் வழியை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. மூன்றாவது வாரம் பிளாஸ்டிக் செடிகள் வந்தன. விளம்பரப் புத்தகத்தில் இன்றைக்கும் அதன் பெயர் ‘உயிருள்ள சுவர்’. இன்னும் வந்து சேராத கம்ப்யூட்டர் இயந்திரங்களுக்காக மேல் அறைகள் ஜில்லென்று காத்திருந்தன. இருநூறு தொழிலாளிகள் சாப்பிடும் தகரக் கொட்டகையில் ஒரே ஒரு மின்விசிறி, கழுத்தில் கம்பி கட்டியபடி, வலப்பக்கம் மட்டும் திரும்பிக்கொண்டிருந்தது.

இவை அனைத்துக்கும் தலைவர் பச்சை சார். பெற்றோர் வைத்த பெயர் வேறு. அவருடைய அறைச் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு திரை இருந்தது. அதில் கட்டிடத்தின் பிரதி ஒன்று படமாக ஓடும். எந்த பம்ப் எப்படி ஓடுகிறது, எந்தக் கதவு திறந்திருக்கிறது என்பதெல்லாம் அதில் தெரியும். சரியாக இருந்தால் பச்சை, தவறினால் சிவப்பு. எல்லாம் பச்சையாக இருக்கும்வரை உலகம் நன்றாக இருக்கிறது என்று நம்புகிற மனிதர் அவர்.

சின்னவளின் வேலை, குழாய்களைக் கழுவி முடித்துச் சான்றிதழில் கையெழுத்துப் போடுவது. கேட்க எளிது. சிப்பின் மேல் உட்காரும் செப்புத் தகட்டில் தண்ணீர் ஓடும் தடங்கள் தலைமுடி அகலம்தான் இருக்கும். ஒரு மணல் துகள் போதும், அடைத்துக்கொள்ளும், சிப் வெந்துவிடும். அதனால் நாள்கணக்கில் தண்ணீரைச் சுற்ற விட்டு, வழியில் ஒரு சல்லடை வைத்து அழுக்கைப் பிடிக்க வேண்டும். சல்லடைக்கு முன்னும் பின்னும் இரண்டு அழுத்தமானிகள். இரண்டுக்கும் வித்தியாசம் கூடினால் சல்லடை அடைத்திருக்கிறது என்று பொருள். கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி ஓட்ட வேண்டும். வித்தியாசம் கூடாமல் நின்றால்தான் கையெழுத்து. அது இல்லாமல் ஒரு இயந்திரமும் உள்ளே வராது.

திறப்பு விழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. சின்னவளின் ஒரு வருடத் தற்காலிகக் காலம் முடியவும் கிட்டத்தட்ட அவ்வளவே. நிரந்தர ஆணையில் கையெழுத்துப் போட வேண்டியவர் பச்சை சார்.

நான்கு நாள் விடாமல் கழுவியும் திரை சிவப்பாகவே இருந்தது. ஐந்தாம் நாள் காலை பளிச்சென்று பச்சை. பச்சை சார் வாட்ஸ்அப் குழுவில் எட்டு கைதட்டல்களைப் போட்டார். சின்னவளுக்கும் தலைகால் புரியவில்லை. தன் கண்ணால் பார்த்துவிடுவோம் என்று பம்ப் அறைக்கு இறங்கிப் போனாள். மூலையில் சல்லடை கவிழ்ந்து கிடந்தது. அதன்மேல் நான்கு டீ டம்ளர்கள் காய்ந்துகொண்டிருந்தன.

“மேஸ்திரி, இது ஏன் இங்க இருக்கு?”

“கழட்டியாச்சு மேடம்” என்றார் குழாய் மேஸ்திரி, டம்ளரைத் துடைத்தபடி. “செகப்பு செகப்புன்னு பச்சை சார் போன்லயே உயிரை எடுத்துட்டாரு. சல்லடை இருந்தாத்தானே அடைக்கும்? இப்ப பாருங்க, முள்ளு அசையுதான்னு.”

“அழுக்கு உள்ளயே சுத்துமே!”

“சுத்தட்டுமே. அது பாட்டுக்குச் சுத்துது, நாம பாட்டுக்கு இருக்கோம். முப்பது கட்டடம் இப்படித்தான் முடிச்சிருக்கேன். ஒரு ஏசியாவது வந்து என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்குமா?”

கேட்டிருக்காதுதான். அந்த முப்பது கட்டிடங்களில் தண்ணீர் போனது விரல் தடிமனுள்ள ஏசிக் குழாய்களுக்கு. இங்கே போகப்போவது முடியளவு தடங்களுக்கு. அதை மேஸ்திரிக்குச் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தனக்கும் தோன்றவில்லையே என்று சின்னவளுக்குச் சுருக்கென்றது.

நேரே மேலே போனாள். “சார், சல்லடையைக் கழட்டிட்டாங்க.”

“திரையில பச்சையா இருக்கேம்மா.”

“சல்லடை இல்லாததாலதான் சார் பச்சை.”

“செகப்பா இருந்தா ஏன்னு கேக்கணும். பச்சையா இருந்தா ஏன்னு கேக்கக் கூடாது. இதுகூடவா காலேஜ்ல சொல்லித் தரல?” அவர் குரலைத் தாழ்த்தினார். “உன் நிரந்தர ஆர்டர் என் மேஜையிலதான் இருக்கு. நாளைக்குக் காலையில சான்றிதழும் அது பக்கத்துல வந்து உக்காரட்டும்.”

அன்று மாலை அப்பாவிடம் சொன்னாள். தொழில் தெரிந்த மனிதராயிற்றே, கொதிப்பார் என்று நினைத்தாள்.

“போட்டுட்டு வா கண்ணு” என்றார் அப்பா. “தண்ணி வருதான்னுதான் பாப்பாங்க. உள்ள என்ன கிடக்குன்னு எவன் எட்டிப் பாக்கப்போறான்? நான் ஒரு வீட்டுல பிளாஸ்டிக் மூடியையே உள்ள விட்டுட்டு வந்துட்டேன்.”

“ஐயோ, அப்புறம்?”

“அப்புறம் என்ன, கொஞ்ச நாள்ல அவங்க வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க.”

மறுநாள் சின்னவள் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு, தாளின் அடியில் குறிப்புக் கட்டம் என்று ஒன்று இருக்குமே, அதில் ஒரு வரி எழுதினாள்: ‘சோதனையின்போது சல்லடை பொருத்தப்படவில்லை.’ எறும்பு படிப்பதென்றாலும் கண்ணாடி போட வேண்டிய எழுத்தில் எழுதினாள். உண்மையும் சொன்னதாயிற்று, ஒருவர் காதிலும் விழாமலும் ஆயிற்று. இரண்டு நாள் இதைச் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் குளிக்கும்போது சந்தேகம் வந்தது. தைரியம் என்றால் எழுத்து இவ்வளவு சின்னதாக இருந்திருக்காது. கோழைத்தனம் என்றால் எழுதியே இருக்க வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் உள்ளதற்கு அவள் படித்த எந்தப் பாடத்திலும் பெயர் இல்லை.

அந்தத் தாளில் பதினொரு பேர் முத்திரை குத்தினார்கள். ஒருவர் அந்த வரியின் மேலேயே குத்தினார்.

விழாவுக்கு மூன்று நாள் முன்பு இயந்திரங்களை ஏற்றிக்கொண்டு நான்கு லாரிகள் வாசலுக்கு வந்தன. அவற்றோடு இயந்திரக் கம்பெனியின் பரிசோதகர் ஒரு அம்மா வந்தார். மூக்கு நுனியில் கண்ணாடி. எந்தக் காகிதத்தையும் அடியிலிருந்து மேலே படிக்கும் பழக்கம். சான்றிதழை அவர் கையில் வாங்கிய அரை நிமிடத்தில் நான்கு லாரிகளும் என்ஜினை அணைத்தன.

கூட்ட அறைக்குப் போகும் வழியில் பச்சை சார் சின்னவளை ஓரமாக நிறுத்தினார். “அந்த வரி பழைய ஃபார்ம்ல இருந்தது, தெரியாம காப்பியாகி வந்துடுச்சுன்னு சொல்லிடு. அவ்வளவுதான். உன் ஒரு வருஷம் முடிய நாலு நாள்தான் இருக்கு, ஞாபகம் வச்சுக்கோ.”

உள்ளே கண்ணாடி அம்மா தாளை மேஜையில் வைத்து, முத்திரைக்கு அடியில் விரலை ஊன்றினார். “இந்த வரி யாரு எழுதினது?”

பச்சை சார் சின்னவளைப் பார்த்து, ‘உம், சொல்லு’ என்பதுபோலத் தலையசைத்தார்.

“நான்தான் மேடம்.”

“தெரியாம வந்துடுச்சா?”

பச்சை சார் சொல்லிக் கொடுத்த பதில் சின்னவளின் வாயில் தயாராக இருந்தது. அதைச் சொன்னால் நிரந்தரம். “இல்ல மேடம். தெரிஞ்சுதான் எழுதினேன். பெருசா எழுதப் பயமா இருந்துச்சு, அதான் சின்னதாப் போயிடுச்சு.”

கண்ணாடி அம்மா சிரிக்கவில்லை. “சல்லடையைப் போட்டு, கழுவி முடிச்சுட்டுக் கூப்பிடுங்க” என்று எழுந்து போனார்.

விழா மட்டும் நிற்கவில்லை. இயந்திரங்கள் உட்கார வேண்டிய காலி அலமாரிகளுக்குள் சீரியல் பல்புகளை ஓட விட்டார்கள். சிறப்பு விருந்தினர் ஒரு அலமாரியில் காதை வைத்துக் கேட்டு, “என்ன வேகம்!” என்று வியந்தார். அதே நேரம் கீழே சின்னவளும் மேஸ்திரியும் நனைந்த காலோடு சல்லடையைக் கழற்றிக் கழற்றிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். வெல்டிங் துகள்கள், டேப் சுருள், அரைப் பென்சில், ஒரு கையுறையின் கட்டைவிரல் என்று வந்துகொண்டே இருந்தது. கட்டைவிரலைப் பார்த்ததும் மேஸ்திரி, “இது என்னோடதுதான் மேடம்” என்று தலையைச் சொறிந்தார். பத்தொன்பது நாள் ஆயிற்று.

இருபதாம் நாள், கெடு தாண்டி இரண்டு வாரம் கழித்து, சின்னவளுக்கு ஒரு கடிதம் வந்தது. குழு உணர்வு போதாத காரணத்தால் தற்காலிகக் காலம் மேலும் ஆறு மாதம் நீட்டிக்கப்படுகிறது. வீட்டில் எப்படிச் சொல்வது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோதே பச்சை சார் கூப்பிட்டனுப்பினார்.

“இன்னும் மூணு ஹாலுக்குக் குழாய் கழுவிச் சான்றிதழ் தரணும்மா. மத்தவங்க கையெழுத்தை அந்தக் கண்ணாடி அம்மா ஒத்துக்க மாட்டேங்குறாங்க. உன் கையெழுத்து இருந்தாத்தான் லாரி உள்ள வருமாம்.”

“நான் இன்னும் தற்காலிகம்தானே சார்? இப்பதான் லெட்டர் வந்துச்சு.”

“அதெல்லாம் ஒரு சம்பிரதாயம்மா.”

“அப்ப அந்தச் சம்பிரதாயத்தை முதல்ல முடிச்சிடுங்க சார்.” அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

பச்சை சார் திரையைப் பார்த்தார். மூன்று கட்டங்கள் சிவப்பாக இருந்தன. போனை எடுத்து மனிதவளப் பிரிவை அழைத்தார். “அந்த நீட்டிப்பு லெட்டரை ரத்து பண்ணுங்க. ஆமா, நிரந்தரம்தான். யாருக்கா? ஒரு நிமிஷம்…”

போனைக் கையால் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்தார்.

“உன் பேரு என்னம்மா?”