தங்கைக்கு ஆகாத மாத்திரை

தொண்ணூற்றொன்றாம் வருஷம் எங்கள் வீட்டில் எல்லோருடைய கவலையும் என் தங்கையின் கடைவாய்ப்பல்லைப் பற்றித்தான். அதில் சீழ் பிடித்திருந்தது. அவளுக்கு ஏழு வயது, எனக்குப் பத்து. என் பற்கள் ஒரு குறையும் இல்லாமல் இருந்தன. அதனாலேயே அவற்றை யாரும் விசாரிக்கவில்லை.

மறைமலை நகரில் வேலை பார்த்த அப்பா, ஷிப்டுக்கு லீவு போட்டுவிட்டு அவளைத் தாம்பரத்துப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனார். எனக்கு அம்மை போட்டபோதுகூட அவர் லீவு போட்டதில்லை. சீழ் வற்றட்டும், பிறகு பல்லைப் பிடுங்கலாம் என்று டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார். சிவப்பும் மஞ்சளுமாகப் பளபளவென்று இருந்தது. வழியில் அப்பா ரோஸ்மில்க் வாங்கித் தந்ததாக, வலிக்கும் வாயாலேயே தங்கை என்னிடம் சொன்னாள்.

முதல் மாத்திரை போட்டு அரை மணி நேரம் ஆகியிருக்காது. உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பியது. உதடு வீங்கி, கண் மூடிக்கொண்டு, மூச்சு விசில் மாதிரி கேட்டது. "ஐயோ, கொயந்தைக்கு இன்னாவோ ஆவுதே!" என்று அம்மா அலறினாள். தெருவில் நின்ற பால் வேனில் அப்பா தங்கையைத் தூக்கிப்போட்டுக்கொண்டு ஏற, அம்மா செருப்பில்லாமல் பின்னால் ஓடினாள். என்னிடம் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எனக்குத் துணைக்கு அத்தை வந்தாள். துணை என்று பேர்தான். வருகிறவர்கள் போகிறவர்களுக்கெல்லாம் தங்கையின் கதையைச் சொல்வதே அவளுக்கு வேலையாக இருந்தது. அந்த மருந்து அவளுக்கு ஆகாதாம், ஊசி போட்டுக் காப்பாற்றினார்களாம், இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருக்கணுமாம். "மூஞ்சே பூசணிக்கா மாதிரி ஆயிடுச்சு, பாவம்" என்று முடிப்பாள். அந்தப் 'பாவம்' எனக்கு வேண்டும் போலிருந்தது. இரும்புக் கட்டில், ஆப்பிள், இரண்டு பக்கமும் அப்பா அம்மா. இதையெல்லாம் நினைத்து நினைத்து வயிறு எரிந்தது.

மறுநாள் காலை, அலமாரியில் மறந்து கிடந்த மாத்திரைகளில் இரண்டை விழுங்கினேன். அவள் ஒன்றுதானே போட்டாள்! கண்ணாடி முன்னால் நின்றேன். உதடு வீங்கவில்லை. கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தேன், சிவந்தது, அவ்வளவுதான். என் உடம்பு செய்த அந்தத் துரோகத்தை நினைத்து அழுகை வந்தது.

அப்போதுதான் மாற்றுத்துணி எடுக்க அப்பா உள்ளே நுழைந்தார். கன்னத்தை உப்ப வைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். "எனக்கும் ஊதிக்கீதுப்பா. நானும் அந்த மாத்திர போட்டேன்."

அடி விழும் என்று நினைத்தேன். அப்பா குனிந்து என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எத்தினி போட்ட?"

"ரெண்டு."

துணியை அப்படியே போட்டுவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பஸ்ஸில் பத்து வயதுப் பெண்ணான என்னை மடியில் வைத்துக்கொண்டார். "வாயத் தொற. நாக்க நீட்டு. மூச்ச நல்லா இழு" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே வந்தார். ஆட்கள் பார்ப்பதைக்கூடக் கவனிக்காமல் என் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா என் கண்ணையும் தொண்டையையும் பார்த்தாள். "இவளுக்கு ஒண்ணும் ஆவல. இருந்தாலும் கொஞ்ச நேரம் பாத்துக்கினே இருங்க" என்றாள். அப்பா வார்டு வாசலில் என்னோடு உட்கார்ந்துவிட்டார். உள்ளே கட்டிலிலிருந்து தங்கை, "அப்பா, இங்க வா" என்று கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் உதட்டைப் பிதுக்கினாள். நான் ஜெயித்துவிட்டேன்.

என் மணிக்கட்டைப் பிடித்திருந்த அவர் கை மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டார், பசி போலிருக்கிறது என்று நினைத்து, நர்ஸம்மா எனக்குக் கொடுத்த பன்னில் பாதியைப் பிய்த்து அவரிடம் நீட்டினேன்.