சம்ப்பில் உப்புத் தண்ணீர்

தாம்பரத்தில் லாரி இன்ஜின் பிரிப்பவனுக்குப் படகில் என்ன வேலை என்று கேட்பீர்கள். எண்பதுகளின் கடைசியில் கோவளம் பக்கத்துச் சின்னப் படகுகள் சிலவற்றில் ஓடியது பழைய லாரி இன்ஜின்தான். படகை ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிவர முடியாது. ஸ்பானர் பையைத் தூக்கிக்கொண்டு நாம்தான் போகவேண்டும்.

பிலோமினா அக்கா தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்பவர். சொந்தமாக ஒரு படகும் வைத்திருந்தார். ஒருநாள் காலையில் கூடையைக்கூட இறக்காமல் நேராக எங்கள் ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்றார்.

"மேஸ்திரி, படகுல ஆயிலு மோரு கணக்கா கீது. ஹெட் கேஸ்கெட் பூட்ச்சுன்றாங்கோ. நீ வந்து பார்த்து ஒரே வார்த்தை சொல்லு. டிரைவர் இன்ஜினைச் சூடேத்தி வுட்டிருந்தா, அவன இன்னியோட நிறுத்திடறேன்."

"யாருக்கா டிரைவர்?"

"ஆரோக்கியம். ரெண்டு பொண்ணு கீது அவனுக்கு. அதான் உன்னைக் கூப்புடறேன். இல்லாங்காட்டி நேத்தே நிறுத்தியிருப்பேன்."

இன்ஜினைப் பார்க்கக் கூப்பிட்டால் சந்தோஷமாகப் போவேன். ஒருவருடைய பிழைப்பைத் தீர்மானிக்கக் கூப்பிட்டால் போக மனசே வராது. வண்டலூர், கேளம்பாக்கம் தாண்டிக் கோவளம் போய்ச் சேரும்வரை அக்கா மேல் எரிச்சலாகவே இருந்தது.

ஆரோக்கியம் படகில் காத்திருந்தார். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவி நீட்டினார்.

ஆயிலில் தண்ணீர் கலந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கக் கூடாது, பேரிங் போய்விடும். அதனால் படகு இன்ஜினுக்கு நாங்கள் வைத்திருந்த டெஸ்ட் நாக்குதான். சிரிக்காதீர்கள். லாரியில் ரேடியேட்டர் தண்ணீர் ஒன்றுதான். படகிலோ இரண்டு தண்ணீர். இன்ஜினுக்குள் சுற்றுவது நல்ல தண்ணீர். மேலே இருக்கும் ஹெடர் டேங்கில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுவார்கள். அதையும் ஆயிலையும் ஆற்றுகிற கூலர் குழாய்களில் ஓடுவது கடல் தண்ணீர். அடியில் ஆயில் தங்கும் தொட்டி சம்ப். அதில் இறங்கிய தண்ணீர் கரிக்காவிட்டால், ஹெட் என்கிற இன்ஜின் மேல்மூடிக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் தகடு சூட்டில் போயிருக்கிறது. கரித்தால் ஆயில் கூலர் ஓட்டை. கூலர் குழாய் உப்பில் அரித்துப்போனால் டிரைவரைக் குறை சொல்ல முடியாது.

சம்ப்பின் அடியில் இருக்கும் டிரெயின் போல்ட்டை லேசாகத் தளர்த்தினேன். ஆயிலுக்கு அடியில் தங்கிய தண்ணீர்தான் முதலில் வரும். விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். சுத்தமான கடல் உப்பு.

"கூலர்தான்க்கா. உங்க டிரைவர் மேல தப்பு இல்ல."

அக்கா நிம்மதியாக வெற்றிலை மடித்துப் போட்டுக்கொண்டார். ஆரோக்கியம்தான் சந்தோஷப்படவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கூலரைக் கழற்றி, ஒரு முனையை அடைத்து, சைக்கிள் பம்ப்பால் காற்றடித்து, தண்ணீர் டிரம்மில் முக்கினேன். ஒரு குமிழிகூட வரவில்லை. கூலர் கல்லு மாதிரி இருந்தது. அப்படியானால் உப்பு எங்கிருந்து வந்தது? ஹெடர் டேங்க் மூடியைத் திறந்து அந்தத் தண்ணீரையும் நாக்கில் வைத்துப் பார்த்தேன். அதுவும் கரித்தது.

நிமிர்ந்து ஆரோக்கியத்தைப் பார்த்தேன். நான் கேட்பதற்குள் அவரே சொல்லிவிட்டார்.

"நான்தாண்ணா ஊத்துனேன். நடுக்கடல்ல சூடு ஏறி, டேங்க் தண்ணி பூரா கொதிச்சு வெளிய பூட்ச்சு. குடிக்க ஒரே கேன் தண்ணிதான் இருந்துச்சு. கூட வந்த பெருசு வெயில் தாங்காம வாந்தி எடுத்துகினு கெடக்குது. குடிக்கிற தண்ணிய இன்ஜினுக்கு ஊத்த மனசு வர்லண்ணா. நல்லா ஆற வுட்டு, கடல் தண்ணிய மொண்டு ஊத்தி, மெதுவா ஓட்டிகினு வந்தேன்."

அக்காவுக்குக் கோபம் பொங்கியது. "இத இன்னாத்துக்குடா எங்கைல மறைச்சே?"

"சொன்னா நிறுத்திடுவியேக்கா."

அக்கா என் பக்கம் திரும்பினார். காலையில் என்னிடம் அதையேதானே சொல்லியிருந்தார்.

ஹெட்டை இறக்கினேன். தண்ணீர் ஓட்டைக்கும் ஆயில் ஓட்டைக்கும் நடுவே கேஸ்கெட் கருகிக் கிழிந்திருந்தது. ஊரார் சொன்னதுதான் சரி. ஆனால் ஹெட் வளையவில்லை, விரிசலும் இல்லை. கொதிக்கும்போதே பச்சைத் தண்ணீரை ஊற்றியிருந்தால் ஹெட் பிளந்திருக்கும். கடல் தண்ணீர் உள்ளே வரும் வடிகட்டியைத் திறந்தேன். எங்கோ மிதந்த பாலிதீன் பை ஒன்று உறிஞ்சப்பட்டுப் பாதி வழியை அடைத்துக்கொண்டிருந்தது. அதை இழுத்து அக்கா கையில் கொடுத்தேன்.

"சூடு ஏறினது இதால. கேஸ்கெட் போனது அந்தச் சூட்டால. ஆனா ஹெட் தப்பிச்சது இவரு பொறுமையா ஆறவிட்டதாலக்கா."

அக்கா அந்தப் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஆரோக்கியத்தின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"இனிமே ரெண்டு கேன் ஏத்து. ஆளுங்களுக்கு ஒண்ணு, இன்ஜினுக்கு ஒண்ணு. இன்னா ஆனாலும் வந்து எங்கைல சொல்லு. சொன்னதுக்காக நிறுத்த மாட்டேன்."

ஆரோக்கியம் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் கேஸ்கெட் மாட்டும் சாக்கில் குனிந்துகொண்டேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். படகில் கால் வைத்ததும் ஓனரை டீ வாங்கிவர அனுப்பிவிடுங்கள். அவர் தலை மறைந்ததும், "டேங்க்ல கடைசியா என்ன ஊத்தினீங்க?" என்று டிரைவரிடம் கேளுங்கள். நாக்கில் தொட்டுப் பார்ப்பதெல்லாம் அதற்கு அப்புறம். வேலை போய்விடும் என்று நடுங்குகிற மனுஷன் ஓனர் எதிரில் உண்மையைச் சொல்ல மாட்டான், அந்த உண்மை தெரியாமல் நீங்கள் எத்தனை கூலர் மாற்றினாலும் வீண்.