வேருக்குப் போகாத இனிப்பு

எங்கள் வீட்டு மாமரத்தில், இடுப்பு உயரத்தில், சுற்றிலும் ஒரு சாண் அகலத்துக்குப் பட்டை உரிக்கப்பட்டிருந்தது. மாசி மாதத்துக் காலை. உள்ளே இருந்த கட்டை வெளுத்து, ஈரமாக, தோல் போன கிழங்கு மாதிரி தெரிந்தது. கல்லூரிக்குக் கிளம்பிய அண்ணி, சாப்பாட்டுப் பையைக் கையில் வைத்துக்கொண்டு அதன் எதிரே நின்றிருந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை.

அண்ணி என் அண்ணன் மனைவி. ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் தாவரவியல் கற்பித்தார். அண்ணனுக்கு ஓசூரில் வேலை. வாரம் ஒருமுறை வருவான். மற்ற நாட்களில் பிள்ளையார்பாளையத்து வீட்டில் அண்ணியும், மருந்துக் கடையில் வேலை பார்த்த நானும்தான். கீரை ஆயும்போதுகூட ஒரு காம்பைக் குறுக்கே சீவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் எறிய மாட்டார் அண்ணி. தப்பாகச் சொல்லக்கூடாது, நல்ல மனுஷி. ஆனால் பிடிவாதம் அதிகம். அந்தப் பிடிவாதத்தில்தான் விஷயம் இவ்வளவு தூரம் வந்தது.

மரத்தின் ஒரு கிளை தெருவின் மேல் நீண்டிருந்தது. அதன் கீழேதான் பக்கத்து வீட்டுத் தறிக்காரர் காலை வேளையில் பாவு நீட்டுவார். கழிகளின் மேல் பட்டு இழைகள் தெருவின் பாதி நீளத்துக்கு விரிந்து கிடக்க, அவரும் அவர் மனைவியும் அறுந்த இழைகளைத் தேடிப் பிணைத்துக்கொண்டு போவார்கள். மாம்பூ பூக்கும் காலத்தில் பூங்கொத்துகளில் தத்துப்பூச்சி மொய்க்கும். அது சாற்றை உறிஞ்சிவிட்டுக் கழிப்பது தேன் போலப் பிசுபிசுவென்று கீழே சொட்டும். கிளையை வெட்டச் சொல்லி அவர் இரண்டு வருடமாகக் கேட்டார். பூத்திருக்கும்போது வெட்ட மாட்டேன், கொஞ்சம் பொறுங்கள் என்பது அண்ணியின் பதில். பூ முடிந்தால் காய், காய் முடிந்தால் மறதி. அந்த வருடம் ஒரு கல்யாணப் புடவைக்கான பாவு முழுவதிலும் அந்தப் பிசுபிசுப்பு இறங்கி இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பெண் வீட்டுக்காரர்கள் வந்து சத்தம் போட்டதைத் தெருவே கேட்டது.

அண்ணி நின்றிருப்பதைப் பார்த்து தறிக்காரரே வெளியே வந்தார்.

"நான்தான் டீச்சர் செஞ்சேன். வேற யாரையும் கேக்காதீங்க."

நான் போலீசுக்குப் போகலாம் என்றேன். அண்ணி அவரிடம் கேட்டது ஒன்றுதான்: "சுத்தியும் எடுத்துட்டீங்களா? எங்கயாவது ஒரு விரலாவது விட்டிருக்கீங்களா?"

அவர் உள்ளே போய்விட்டார். எங்கும் ஒரு விரல்கூட விட்டிருக்கவில்லை. அண்ணி செம்மண்ணும் சாணமும் குழைத்துக் காயத்தில் பூசி, மேலே ஈரச் சாக்கைச் சுற்றினார். அதன் பிறகு மூன்று மாதம் இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

மரமோ பட்டுப்போகவில்லை. இலை பச்சையாகவே இருந்தது. சித்திரையில் காய் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. வைகாசியில் பழுத்தபோது அப்படி ஓர் இனிப்பை அந்த மரத்தில் நாங்கள் கண்டதே இல்லை. வாங்கிச் சாப்பிட்ட தெருக்காரர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். அண்ணி மட்டும் ஒரு பழத்தையும் தொடவில்லை. தறிக்காரருக்கு மனசு லேசாகியிருக்க வேண்டும். ஒரு காலையில் மதிலோரம் வந்து நின்றார்.

"மரத்துக்கு ஒண்ணும் ஆவலயே டீச்சர். முன்னைக்கு இப்ப நல்லாத்தான காய்ச்சிருக்குது?"

அண்ணி சாக்கை விலக்கிக் காட்டினார். காயத்துக்கு மேல் பட்டை தடித்து உதடு போல வீங்கியிருந்தது. கீழே அப்படியே சுருங்கிக் கிடந்தது.

"தண்ணி உள்கட்டை வழியா மேல போவுதுண்ணா, அதுக்கு நீங்க ஒண்ணும் பண்ணல. அதான் இலை பச்சையா இருக்குது. ஆனா இலை செய்யுற சாப்பாடு பட்டை வழியாத்தான் கீழ இறங்கும். அந்த வழி அறுந்துபோச்சு. வேருக்குப் போக வேண்டியதெல்லாம் மேலயே தங்கி பழத்துல ஏறிக்கிச்சு. வேரு பழைய இருப்பைத் தின்னுக்கினு இருக்குது. அது தீந்தா செத்துடும்."

"செத்தா?"

"மரம் எந்தப் பக்கம் சாஞ்சிருக்குதுன்னு பாருங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவருடைய தறி இருக்கும் ஓட்டுக் கூரையின் பக்கம்தான் சாய்ந்திருந்தது. "கிளையை நான் அப்பவே வெட்டியிருக்கணும்ணா, என் தப்புதான்" என்றார் அண்ணி. அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டது அதுதான் முதல் முறை.

ஆடியில் இரண்டு மழை பெய்ததும் அண்ணி ஆள் வைத்து அந்தக் கிளையை இறக்கினார். அதிலிருந்தே விரல் பருமனில் குச்சிகள் எடுத்து, இரண்டு முனையையும் உளி போலச் சீவி, காயத்துக்கு மேலே ஒரு முனையும் கீழே ஒரு முனையுமாகப் பட்டைக்குள் செருகினார். அறுந்த வழிக்குப் பாலம். தண்டை எத்தனையோ முறை மெல்லியதாகச் சீவி மாணவிகளுக்குக் காட்டியவர்தான். உயிருள்ள மரத்தில் இதைச் செய்ததில்லை, புத்தகத்தில் பார்த்ததோடு சரி என்று என்னிடம் சொன்னார். சில நாட்களில் குச்சிகள் கறுத்துக் காய்ந்தன. அன்று அண்ணி சாப்பிடாமலே கல்லூரிக்குப் போனார்.

மறுமுறை செருகும்போது தறிக்காரர் மதிலைச் சுற்றிக்கொண்டு வந்தார். "கட்டு தளந்து நிக்குது டீச்சர். காத்துக்கு ஆடுனா எப்படிப் பிடிக்கும்? நீங்க பிடிங்க, நான் கட்டுறேன்."

"இங்க பாருங்கண்ணா, பட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல வழவழன்னு தாள் கணக்கா இருக்குதில்ல, அதுதான் வளருற இடம். குச்சியில இருக்கிறதும் மரத்துல இருக்கிறதும் ஒண்ணோட ஒண்ணு தொடணும். வெலகிச்சுன்னா போச்சு."

அவர் தலையாட்டிவிட்டு, பாலித்தீன் நாடாவை இழுத்து இழுத்துக் கட்டினார். அண்ணி மெழுகை உருக்கி இடுக்குகளில் ஊற்றினார். ஐப்பசி மழைக்குள் மூன்று குச்சிகளில் துளிர் எட்டிப் பார்த்தது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நானும் அதைக் குனிந்து பார்க்கப் பழகியிருந்தேன். அந்தத் துளிரை மட்டும் கிள்ளிவிட வேண்டும், பாலத்தில் இலை வேண்டாம் என்று அண்ணி சொல்ல, தறிக்காரரே தினமும் வந்து கிள்ளிக்கொண்டிருந்தார்.

அண்ணனும் அண்ணியும் இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறார்கள். இந்த வீட்டில் நான் இருக்கிறேன். அந்த மூன்று குச்சிகளும் இன்று கை பருமன் ஆகி, மரத்தைத் தாங்கிப் பிடிப்பது போல் நிற்கின்றன. ஆனால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் குச்சிகள் துளிர்த்ததற்கு அடுத்த வைகாசிதான். முதல் பழம் இறங்கியதும் அண்ணி அதைத் தட்டில் நறுக்கிப் பக்கத்து வீட்டுக்கு எடுத்துப் போனார். நானும் கூடப் போனேன். தறிக்காரர் தறியை நிறுத்தி, கையைத் துடைத்துவிட்டு ஒரு துண்டை வாயில் போட்டார்.

"போன வருஷம் இருந்த இனிப்பு இல்லையே டீச்சர்?"

"இல்லதாண்ணா." அண்ணியும் ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். "இந்த வருஷம் வேரும் சாப்பிடுது."

அவர் மென்று விழுங்கினார். பிறகு இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டு, உள்ளே இருந்த மனைவியையும் கூப்பிட்டார்.