லாவெண்டர் மணக்கும் ஆஸ்பத்திரிகள்

கிருமிநாசினி விற்கிற தொழிலில் கிருமிகளால் எனக்கு இதுவரை ஒரு தொல்லையும் இல்லை. மூக்குள்ள மனிதர்களால்தான் பெரும்பாடு.

ஒரகடம் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டியில் சாம்பிள் கேன்களோடு அலையும் சக பாவிகளே, உங்களுக்கு இது புரியும். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். படித்தது நுண்ணுயிரியல். வேலையில் சேர்ந்த அன்றே மேனேஜர் சொல்லிவிட்டார்: "லாவெண்டர் ஓடினாத்தாம்மா உனக்கு கன்ஃபர்மேஷன்." லாவெண்டர் என்பது எங்கள் கம்பெனியின் தரை துடைக்கும் திரவம். ஊதா நிறம், ஊரைத் தூக்கும் வாசனை, சுமாரான கிருமிக்கொல்லி. ஆறு மாதத்துக்குள் அது ஓட வேண்டும். இல்லாவிட்டால் நான் ஓட வேண்டும்.

அவசரப் பல்

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பல் டாக்டர். கருவிகளை ஊறவைக்கும் மருந்தை என்னிடம்தான் வாங்குவார். முதலில் கருவியைக் கழுவ வேண்டும், லேபிளில் போட்டிருக்கிற நேரம் முழுக்க ஊறவைக்க வேண்டும், பிறகு நல்ல தண்ணீரில் அலச வேண்டும். இவரோ ஒரு நோயாளி வாய் கொப்பளித்து முடிப்பதற்குள் பல் பிடுங்கும் இடுக்கியை முக்கி எடுத்து அடுத்தவர் வாய்க்குள் விட்டுக்கொண்டிருந்தார், டீயில் பிஸ்கட் தோய்ப்பது போல.

"சார், இருபது நிமிஷம்..." என்று இழுத்தேன். அவர் கை நிற்கவில்லை.

"பேஷன்ட் வெயிட் பண்ணுவாங்களாம்மா? உங்க மருந்தைக் கொஞ்சம் சீக்கிரமா வேலை செய்யச் சொல்லு."

ரோஸ்மில்க் அளவு

பக்கத்துத் தெரு நர்சிங் ஹோமில் பிரசவ வார்டுத் தரைக்கு மருந்து கலக்குவதை நிர்வாகியே நேரில் மேற்பார்வை பார்ப்பார். அளவுக் குவளையை நான் இலவசமாகவே கொடுத்திருந்தேன். அதில் பேனாக்கள் செருகியிருந்தன. வாளியில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மருந்து என்று கேட்டேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ரோஸ்மில்க் கலர் வந்தா நிறுத்திடுவோம். எல்லாம் அனுபவம்தாம்மா!"

டபுள் பவர்

இருங்காட்டுக்கோட்டையில் ஒரு தொழிற்சாலையின் முதலுதவி அறை. மறுநாள் ஆடிட். பாதுகாப்பு அதிகாரியின் தலைக்கு மேலே சுவர் முழுக்கச் சான்றிதழ்கள். அவருடைய உத்தரவின்படி ப்ளீச்சிங் திரவத்தையும் கக்கூஸ் கழுவும் ஆசிட்டையும் ஒரே வாளியில் ஊற்றியிருந்தார்கள். நான் நுழைந்தபோது துப்புரவுப் பெண்கள் இரண்டு பேர் கண்ணைக் கசக்கி இருமிக்கொண்டிருந்தார்கள்.

இந்த இரண்டும் சேர்ந்தால் வருவது விஷவாயு. வாழ்க்கையில் முதல்முறையாகக் கத்தினேன்: "எல்லாரும் வெளிய வாங்க! வாளியைத் தொடாதீங்க!" கதவை விரியத் திறந்துவிட்டு அந்தப் பெண்களைக் காற்றாட உட்காரவைத்தோம். அதிகாரியும் பின்னாலேயே இருமிக்கொண்டு வந்தார். அப்போதும் பெருமை குறையவில்லை.

"இன்னா பாப்பா, இதுக்கே பயந்துகினியே! நமக்கே இப்டி எரியுதுன்னா, கிருமி இன்னா பாடு படும்!"

ஐம்பது கேன்

ஆறாவது மாதம் வந்தது. ஒரகடத்தில் ஒரு செல்லப்பிராணி கிளினிக். உள் வார்டில் நான்கைந்து நாய்க்குட்டிகள் ரத்தமாகப் பேதியாகிக் கிடந்தன. பார்வோ. தொட்டால் ஒட்டும் வைரஸ். அது தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். டாக்டர் லாவெண்டர் சாம்பிளை முகர்ந்தார். முகம் மலர்ந்தது. "ஐம்பது கேன் போடும்மா. வார்டு முழுக்க இதுலயே துடைச்சிடலாம்."

ஐம்பது கேன் என்றால் என் வேலை நிரந்தரம். அந்த நேரம் பார்த்து ஒரு நெல்லைக்கார இளைஞன், ஷிப்ட் முடிந்து யூனிஃபார்மோடு, ஒரு குட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தான். "ஊசி போடணும் டாக்டர். ரூம்ல எங்ககூடதான் படுக்கான்" என்றான். ஆரோக்கியமான குட்டி. இன்னும் ஓரடி வைத்தால் அந்த வார்டுத் தரை.

என் வாய் தானாகத் திறந்தது. "சார், லாவெண்டருக்குப் பார்வோ சாகாது. அழுக்கை நல்லாக் கழுவிட்டு, ப்ளீச்சிங் திரவத்தை அன்னன்னைக்குப் புதுசா, அளந்து கலந்து ஊத்தணும். பத்து நிமிஷம் ஈரமாவே இருக்கணும். அப்புறம் அலசி, காய்ஞ்ச பிறகுதான் குட்டிங்களை விடணும். அது எங்க கம்பெனியில இல்ல சார், எதிர்க்கடையில இருக்கு."

இளைஞன் சட்டென்று வாசலுக்குப் பின்வாங்கினான். "அப்ப வெளியவே நிக்கேன் டாக்டர், பைக்ல வச்சே போடுங்க." டாக்டர் ஊசியை எடுத்துக்கொண்டு எழுந்தார். போகிற போக்கில் என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, உனக்குச் சம்பளம் குடுக்கிறது உன் கம்பெனியா, எதிர்க்கடைக்காரனா?"

பாராட்டு விழா

அடுத்த வாரம் மேனேஜர் கூப்பிட்டார். ராஜினாமாக் கடிதத்தை மனதுக்குள் எழுதிக்கொண்டே போனேன். டாக்டர் போன் செய்திருந்தாராம். வார்டில் ப்ளீச்சிங் போட்டாராம், புதிதாக எந்தக் குட்டிக்கும் நோய் வரவில்லையாம். ஆனால் வருகிறவர்களெல்லாம் "இன்னா டாக்டர், நீச்சல்குளம் மாதிரி நாறுது" என்று முகம் சுளிக்கிறார்களாம். அதனால் வரவேற்பறைக்கு மட்டும் லாவெண்டர், நூறு கேன்! இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றிவிடாதீர்கள் என்று சொல்ல நான் உடனே அவருக்குப் போன் போட்டேன். மேனேஜர் அதையும் வாடிக்கையாளர் சேவையில் சேர்த்துக்கொண்டார். நான் எந்தத் திட்டமும் போடவில்லை, உண்மையைத்தான் சொன்னேன் என்று சத்தியம் செய்தும் பார்த்தேன். கண்ணடித்தார்.

"உள்ள ப்ளீச்சிங், வெளிய லாவெண்டர்... இன்னா மூளைம்மா உனுக்கு! இந்த டெக்னிக்கை மத்த பசங்களுக்கும் கத்துக்குடு."

ஆக, வேலை நிரந்தரமாகிவிட்டது. நான் சொன்ன உண்மையை உண்மை என்று ஒருவராவது நம்ப இன்னும் எத்தனை கேன் லாவெண்டர் விற்க வேண்டுமோ, அதுதான் தெரியவில்லை.