மஞ்சள் பூசிய ஃபைல்

எங்கள் மேனேஜரை எங்காவது பார்த்தால் ஒன்று கேட்க வேண்டும்: அந்த மஞ்சள் நிறம் எங்கே போனது என்று கடைசியில் கண்டுபிடித்தீர்களா? இத்தனை வருஷம் கழித்தும் அந்த ஆத்திரம் எனக்கு அடங்கவில்லை. அடங்க வேண்டும் என்ற ஆசையும் இல்லை.

தொண்ணூறுகளின் கடைசி. கல்கத்தா பாலிகஞ்சில் ஒரு மிட்டாய்க் கடைக்கு மேலே இருந்தது எங்கள் கம்பெனி. நாள் முழுக்கப் பால் காயும் வாசனையில் உட்கார்ந்து கம்ப்யூட்டருக்குக் கோடு எழுதுவோம். எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை அப்பாவின் ஆபீஸுக்காகவே அமைந்தது. அப்பா ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் ஆபீஸர். திருச்சியில் வேலைக்குச் சேர்ந்து, நான் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே கல்கத்தாவுக்கு மாற்றப்பட்டவர். அங்கே வருஷத்துக்கு ஒருமுறை, துர்கா பூஜைக்கு முன்னால், ட்ரான்ஸ்ஃபர் வேண்டுபவர்கள் விண்ணப்பம் போடுவார்கள். அந்த விவரங்களை வாங்கி, தலைமை அலுவலக மெஷின் படிக்கும் விதத்தில் ஒரு ஃபைலாக எழுதித் தர வேண்டும். அதுதான் என் ப்ரோக்ராம்.

பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆளுக்கு ஒரு வரி. ஊழியர் எண், பெயர், விலாசம், கேட்கும் ஊர், காரணம் என்று ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு கமா. விலாசத்துக்குள்ளேயே கமா வந்தால் மெஷின் குழம்பும் என்பதால் அதைச் சுற்றி மேற்கோள் குறி. யாராவது விலாசத்துக்குள் மேற்கோள் குறியே போட்டிருந்தால் அதை இரட்டிப்பாக்க வேண்டும். எல்லாவற்றையும் யோசித்து எழுதினேன். நன்றாகவே எழுதினேன். அப்பா ஆபீஸ் கேன்டீனில் பார்க்கிறவர்களிடமெல்லாம் “என் பொண்ணு எழுதின ப்ரோக்ராம்” என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்தப் பெருமைதான் பிற்பாடு அவர் வாயைக் கட்டிப் போட்டது.

அந்த வருஷம் அப்பாவும் திருச்சி கேட்டிருந்தார். அம்மாவுக்கு ஆஸ்துமா. காளி பூஜைப் பட்டாசில் தொடங்கும் மூச்சுத்திணறல், நாங்கள் குடியிருந்த லேக் கார்டன்ஸ் சந்துகளில் கரியடுப்புப் புகை தரையோடு படியும் தை மாசத்தில் உயிரை வாங்கிவிடும். இந்தக் குளிரைத் தாண்டினாலும் அடுத்த குளிருக்கு இந்த ஊரில் இருக்க வேண்டாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஃபைலை எழுதி முடித்ததும் நோட்பேடில் திறந்து அப்பாவின் வரியைத் தேடிப் பார்த்தேன். எண், பெயர், விலாசம், திருச்சி, மனைவியின் உடல்நிலை. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. தெற்கே வேலைக்குச் சேர்ந்தவர்களின் எண் எல்லாம் பூஜ்யத்தில்தான் தொடங்கும். அந்தப் பூஜ்யமும் இருந்தது.

ஃப்ளாப்பியை மேனேஜரிடம் கொடுத்தேன். அவருக்கு நோட்பேடைக் கண்டாலே ஆகாது, எறும்பு ஊர்வது மாதிரி இருக்கிறதாம். எக்ஸெலில் திறக்காதீர்கள், திறந்தாலும் சேவ் செய்யாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். “கிச்சு ஹோபே நா,” ஒன்றும் ஆகாது என்றார். வங்காளத்தில் இந்த வார்த்தையைக் கேட்டால் உடனே எதையாவது இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். என் முதுகுக்குப் பின்னால் எக்ஸெலில் திறந்து, பத்திகளை அகலப்படுத்தி, தலைப்பு வரிக்கு மஞ்சள் பூசி, சேவ் செய்தார். எக்ஸெல் எச்சரித்துக் கேட்டதற்கெல்லாம் ‘யெஸ்’ தட்டினார். வெறும் எழுத்தாக இருக்கும் ஃபைலில் நிறம் எப்படித் தங்கும்? மறுபடி திறந்தபோது மஞ்சளைக் காணோம் என்று என்னைக் கூப்பிட்டுக் குறைப்பட்டுக்கொண்டார். அதற்குள் ஃப்ளாப்பி கூரியரில் போய்விட்டிருந்தது. பூஜ்யங்களும் போயிருந்தன என்பது அப்போது எனக்குத் தெரியாது. எண்ணுக்கு முன்னால் நிற்கும் பூஜ்யத்தை எக்ஸெல் வெட்டிச் செலவு என்று தள்ளிவிடும்.

பங்குனியில் பட்டியல் வந்தது. அப்பா வீட்டுக்கு வந்து, “இந்த வருஷம் வரலை,” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றினார். அம்மா அதை வாங்கி ஆணியில் மாட்டினாள். நான் ஏன் என்று கேட்கவில்லை. கேட்ட எல்லோருக்குமா கிடைக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சில வாரம் கழித்து மேனேஜர் ஒரு கட்டுத் தாளை என் மேஜையில் போட்டார். பட்டியலில் விடுபட்டவர்களின் ஆட்சேபணைகள். உன் ப்ரோக்ராம் எண்ணைத் தின்கிறது, சரிசெய் என்றார். புரட்டினேன். ஒருவர் விடாமல் எல்லோரும் தெற்கத்தி ஆட்கள், பூஜ்ய எண்காரர்கள். பூஜ்யம் போன எண்ணைத் தலைமை அலுவலக மெஷின் தெரியாத எண் என்று தள்ளியிருந்தது. என்னிடமிருந்த மூல ஃபைலைத் திறந்து, இதோ இருக்கிறதே என்று காட்டினேன். மவுஸை வாங்கி அதை மூடினார். க்ளையண்டிடம் போய், மேனேஜரே ஃபைலில் கை வைத்தார் என்று சொல்ல முடியுமா, சாஃப்ட்வேர் பிழை என்று எழுதிவிடுவோம், யாருக்கும் வலிக்காது என்றார். எழுதியும் அனுப்பினார்.

ஆட்சேபணை போட்டவர்களுக்கெல்லாம் பிற்பாடு துணைப் பட்டியலில் மாற்றல் கிடைத்தது. ஆனால் அன்று என் மேஜைக்கு வந்த தாள்களில் அப்பாவின் மனு இல்லை. மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் தேடிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். ஆட்சேபணைக்கான கெடு முந்தின நாளே முடிந்திருந்தது.

அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஏன் ஆட்சேபணை போடவில்லை என்று கேட்டேன். அம்மாதான் உள்ளிருந்து வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“கம்ப்யூட்டர் தப்புன்னு எழுதிக் கொடுத்தாத்தான் எடுத்துப்பாங்களாம். உன் வேலைக்கு ஏதாவது வந்துடும்னு அப்பா வேண்டாம்னுட்டார். நானும் சரின்னுட்டேன்.”

“அது என் தப்பே இல்லப்பா. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

அப்பா பேப்பரை மடித்தார். “கேட்டா, ஆமா, என் தப்புதான்னு சொல்லிடுவியோன்னு இருந்துச்சும்மா.”

மேனேஜர் மேல் இருக்கும் கோபத்தை விட இந்த வாக்கியத்தின் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். கேன்டீன் முழுக்கப் பீற்றிக்கொண்ட மனுஷருக்கு, உள்ளுக்குள் என் மேல் அவ்வளவுதான் நம்பிக்கை. பாசத்தில் மூடி வைத்ததற்குப் பதில் அந்தச் சந்தேகத்தைச் சொல்லிச் சண்டை போட்டிருந்தால் அம்மா அந்தக் கோடையிலேயே திருச்சிக்குப் போயிருப்பாள்.

வேலையை நான் விடவில்லை. விட்டால் அவர்கள் வாய் மூடி இருந்ததும் வீணாகிவிடும். அடுத்த வருஷம் ஃப்ளாப்பியை மேனேஜர் கையில் கொடுக்காமல் நானே உறையிலிட்டு ஒட்டிக் கூரியரில் கொடுத்தேன். அப்பாவின் வரியில் எல்லாம் சரியாக இருந்தது. காரணம் என்ற இடத்தில் போன வருஷத்து அதே சொற்கள்.

அம்மா தை மாசம் செத்துப்போனாள்.

பங்குனியில் பட்டியல் வந்தது, பிழையில்லாமல். கேட்டு வாங்கிய மாற்றலை மறுக்க அங்கே விதியில்லை. ஆர்டரை அப்பா சாப்பாட்டு மேஜையில் வைத்திருந்தார், எடுத்துப் பார்த்தேன். எண் பூஜ்யத்தில் தொடங்கியது. திருச்சிக்கு மாற்றப்படுகிறார், காரணம், மனைவியின் உடல்நிலை. அப்பா என் முகத்தைப் பார்க்காமல், “இந்தத் தடவை சரியா வந்திருக்கும்மா,” என்றார்.