துண்டு தேவைப்படாத நைட்டி

வாசலில் காய்கறி வண்டி வந்தால், நைட்டிக்கு மேல் போட அம்மா துண்டைத் தேடி ஓடுவாள். அதனால் துப்பட்டாவைத் தோளோடு சேர்த்தே தைத்து, பாக்கெட்டும் வைத்து ஒரு நைட்டி செய்தேன். ஃபேஷன் டிசைன் கடைசி வருடத்தில் அதுதான் என் பிசினஸ் ஐடியா.

இன்று கல்லூரிக்கு என் டிசைன் ஃபைலைப் பார்க்க வந்த பொட்டிக் கடை மேடம் கேட்டார்:

"யாராச்சும் போட்டுப் பாத்தாங்களாம்மா?"

"எங்கம்மாவுக்குக் குடுத்து ரெண்டு மாசமாச்சு மேடம். நல்லாருக்குன்னாங்க."

"சரி, போட்டாங்களா?"

அம்மா அதைப் போட்டு ஒருநாளும் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"பெத்தவங்களே போடலன்னா வேற யாரும்மா போடுவா?" என்று ஃபைலை மூடிவிட்டார்.

அரியாங்குப்பம் பஸ்ஸில் அழுகையை அடக்கிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்த அம்மா, பழைய நைட்டியில் தோளில் துண்டோடு நின்றாள்.

"நான் தச்சது எங்கம்மா?"

"பீரோல பத்திரமா இருக்குடி. எம்பொண்ணு தச்சத அடுப்படியில போட்டு வீணாக்குவனா?"

அடக்கிய அழுகையெல்லாம் அந்தத் துண்டில்தான் போனது.

நல்ல துணியை பீரோவில் வைக்காத அம்மா யாருக்காவது இருந்தால் சொல்லுங்கள். அவருக்கு ஒரு நைட்டி தைத்துத் தருகிறேன்.