அது ரெக்கார்டு இல்லை

போடியில் என் முகத்தைத் தெரிந்தவர்களைவிட என் குரலைத் தெரிந்தவர்கள் அதிகம். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. அந்தக் குரலை ஆளாளுக்கு என்ன பாடு படுத்தினார்கள் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் அண்ணன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் மைக் செட்டுக் கடை வைத்திருந்தார். ஒரு ஆம்ப்ளிஃபையர், நாலு குழாய் ஸ்பீக்கர், ஒரு பழைய ஜீப்பு. கல்யாணம், காதுகுத்து, திருவிழா, கட்சிக் கூட்டம் என்று செட்டு வாடகைக்குப் போகும். ஜீப்பின் மேல் குழாயைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக அறிவிப்புச் செய்வதும் உண்டு. கல்யாணமாகி ஒரு வருஷத்துக்குள் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்திருந்த நான், கடையில் ரெக்கார்டுகளைத் துடைத்து உறையில் போட்டுக்கொண்டிருந்தேன். என்னைப் போன்றவளைக் குறிக்க ஊரில் ஒரு சொல் இருந்தது. அதை இங்கே எழுத எனக்கு இஷ்டமில்லை.

எழுபதுகளில் மைக் பிடித்த எல்லோருக்கும் ஒரே குரல்தான். கடலுக்கு அப்பாலிருந்து வந்த வானொலியைக் கேட்டுக் கேட்டுப் பழகிய குரல் அது. அண்ணன் கடையில் உட்கார்ந்து, "என்ன அப்பு, வெத்தல இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். மைக்கை எடுத்ததும், "பேரன்பு கொண்ட பெருமக்களே!" என்று அவருக்குள்ளிருந்து வேறு யாரோ கிளம்பி வருவார். மாட்டுச் சந்தை அறிவிப்பானாலும் சரி, மரண அறிவிப்பானாலும் சரி, குரல் அதேதான். நானும் அதுதான் அழகு என்று நம்பினேன். ஆள் இல்லாத நேரத்தில் செட்டைப் போடாமலே மைக்கைப் பிடித்துக்கொண்டு வானொலிப் பெண்களைப் போலப் பேசிப் பார்ப்பேன்.

ஒரு வருஷம் மலையில் ஏலத்தோட்டங்களில் வாந்திபேதி பரவியது. தோட்டம் வைத்திருந்த போடி முதலாளிகள் சிலர் சேர்ந்து, டாக்டரை அழைத்துக்கொண்டு போய் ஊசி போட ஏற்பாடு செய்தார்கள். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துப் பெண்கள் கதவைத் திறக்கவில்லை. ஊசி என்றாலே பிள்ளை பிறக்காமல் செய்துவிடுவார்கள் என்று எல்லோரும் நடுங்கிய காலம் அது. பொம்பளை ஒருத்தி பேசினால் கேட்பார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். முதலாளிகளின் மேனேஜர் கடைக்கு வந்து, "உன் தங்கச்சி சும்மாதானே இருக்கு?" என்று அண்ணனிடம் கேட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மலைக் கணவாயான மெட்டு ஏறி, மழையில் அரித்துப்போன மண்பாதையில் ஜீப்பு தட்டுத் தடுமாறி லயத்துக்கு முன்னால் போய் நின்றது. டாக்டரும் மேனேஜரும் வேறு வண்டியில் பின்னால் வந்தார்கள். வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு வீடு, ஒரே தகரக் கூரை. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"அன்புள்ளம் கொண்ட தாய்மார்களே! உங்கள் இல்லங்களில் என்றென்றும் நலம் நிலவிட வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு..."

அண்ணன் ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு தலையை ஆட்டினார். எனக்கே என் குரல் தேனாக இருந்தது. அரை மணி நேரம் பேசினேன். ஒரு கதவுகூடத் திறக்கவில்லை. கடைசியில் சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்ட ஒரு பெண், இடுப்பில் பிள்ளையோடு, தண்ணீர் எடுக்கப் போகிறவள் ஜீப்பைச் சுற்றிக்கொண்டு வந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தவள் என்னைக் கண்டதும் திடுக்கிட்டுப் போனாள்.

"ஆத்தாடி, ஆளா நீயி? ரெக்கார்டு ஓடுதுன்னுல்ல நாங்க சோலியப் பாத்துக்கிட்டு இருக்கோம்!"

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ரெக்கார்டுக்கு யார் பதில் சொல்வார்கள்? ரெக்கார்டை நம்பி யார் பிள்ளையின் கையை நீட்டுவார்கள்? அவள் கேலி செய்யவில்லை. மெய்யாகவே அப்படி நினைத்திருந்தாள்.

நான் மைக்கை எடுத்தேன். யோசித்துப் பேசவில்லை. கோபத்தில் வாயில் வந்தது அது.

"ஏத்தா, இது ரெக்கார்டு இல்ல. நான் போடிக்காரி பேசுறேன். மைக் செட்டுக் கடைக்காரர் தங்கச்சி. உள்ள இருக்குறவுகளுக்கு என்ன பயம்? சொல்லுங்க, கேக்குறேன்."

கேட்டுவிட்டு நிறுத்தினேன். மைக்கை அணைக்கவில்லை. குழாயில் லேசான இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அண்ணன், "பேசு, பேசு" என்று கையைக் காட்டினார். நான் பேசவில்லை. கேள்வி கேட்டால் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதானே? கொஞ்ச நேரம் கழித்து மூன்றாவது வீட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"ஊசி போட்டா பிள்ள நின்னுருமாம்ல. மெய்யா?"

"அந்த ஊசி வேற. இது வாந்திபேதிக்கு. நேத்து எனக்கும் போட்டாக. கை வீங்கிக் கெடக்கு, வந்து பாருங்க. காய்ச்சலும் வரும், ஒரு நாளைக்கு. வராதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன்."

கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. முதலில் வந்தவள் ஊசிக்கு வரவில்லை, என் கையைப் பார்க்க வந்தாள். வீக்கத்தைத் தொட்டு அமுக்கிப் பார்த்தாள். பிறகு தன் கையை நீட்டினாள். மருந்து தீரும்வரை பெண்கள் வரிசையில் நின்றார்கள்.

அன்று எனக்குக் கிடைத்த பாராட்டு என்ன தெரியுமா? திரும்பும்போது மேனேஜர் ஜீப்பை நிறுத்தினார்.

"என்னம்மா இது, டாக்டர் முன்னாடி இப்படியா பேசுறது? காட்டுத்தனமா, கொச்சையா! நடுநடுவுல பேசாம வேற இருக்க. மைக் எடுத்தா ஒரு லட்சணம் வேணாமா?"

"எல்லாரும் வந்து ஊசி போட்டுக்கிட்டாகளே சார்."

"அது வேற விசயம்."

அது எப்படி வேறு விஷயம் ஆகும்? மலை இறங்கும்வரை மனசுக்குள் அதையே கேட்டுக்கொண்டு வந்தேன். அண்ணனும் அவர் பக்கம்தான். "நாலு பெரிய மனுசன் கேக்குற எடத்துல வீட்டுப் பேச்சப் பேசலாமா?" என்றார். என் வீட்டுப் பேச்சில் என்ன அசிங்கம் இருந்தது? அதே பேச்சில்தானே அவர் பசிக்கிறது என்கிறார், தலை வலிக்கிறது என்கிறார்!

ஆனால் ஊர்கள் என்னைக் கேட்க ஆரம்பித்தன. சிலமலையில் ஒரு கூட்டத்துக்கு, பொட்டிபுரத்தில் கோயில் காரியத்துக்கு, "அந்தப் பொம்பளப் பிள்ளைய அனுப்புங்க" என்று ஆள் வந்தது. அண்ணனின் வெட்கம் ஒரே மாதத்தில் போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

"இன்னும் கொஞ்சம் கூட்டிப் பேசு ஆத்தா. சனம் சிரிக்கணும்ல? உனக்குன்னு ஒரு இஸ்டைல் ஆகிப்போச்சு."

நானும் கூட்டினேன். அதை மறைக்கக் கூடாது. எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத சொற்களைத் தேடிப் பிடித்துச் சேர்த்தேன். சாதாரணமாக ஒரு தடவை சொல்கிற 'ஆத்தாடி'யை மூன்று தடவை இழுத்தேன். ஜீப்பு வந்ததும் ஜனங்கள் சிரிக்கத் தயாராகி நின்றார்கள். கைதட்டல் கேட்டது. முன்பு வானொலிப் பெண்களைப் போலப் பேசினேன், இப்போது என்னைப் போலப் பேச ஆரம்பித்திருந்தேன். வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை, தேவாரம் ஊருக்குப் போகும்வரை.

எண்பதுகளின் தொடக்கம் அது. தேவாரத்துக்கு மேலே மலையடித் தோட்டங்களில் யானை இறங்கியிருந்தது. பொழுது சாய்வதற்குள் ஜனங்களை வீட்டுக்குப் போகச் சொல்ல வேண்டும் என்று ஊர்க்காரர்கள் எங்களை அவசரமாக அழைத்தார்கள். நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். "ஆத்தாடி ஆத்தாடி ஆத்தாடி! மலையில இருந்து விருந்தாளி வந்திருக்காக..." ஜனங்கள் வீட்டுக்குப் போகவில்லை. ஜீப்பைச் சுற்றிக் கூடினார்கள். ஒருவர், "இன்னொரு தடவ சொல்லுத்தா, நல்லாயிருக்கு" என்றார். சோளக்காட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஒரு விவசாயி சிரித்துக்கொண்டே நடந்து போனதை நானே பார்த்தேன்.

அவர் யானையைப் பார்த்து ஓடி வாய்க்காலில் விழுந்தார். தோள் எலும்பு முறிந்தவரைக் கட்டிலில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மறுநாள் நான் போய் நின்றபோது அவர் மனைவிதான் பேசினார்.

"நீ பேசுனா சிரிப்புத்தேன் வருது. பயம் எங்கிட்டு வரும்?"

மேனேஜரிடம் கோபப்பட்டேன், அண்ணனிடம் கோபப்பட்டேன். அந்தப் பெண்ணிடம் கோபப்பட எனக்கு ஒரு காரணமும் இல்லை. அன்று வந்த கோபம் முழுக்க என்மேல்தான். மலையில் பதினைந்து நிமிஷத்தில் தானாக வந்த ஒன்றை, ஆறு வருஷமாகச் சில்லறைக்கு மாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் கழித்தேன். சேர்த்த சொற்களை விட்டேன், இழுவையை விட்டேன். எவ்வளவு கழித்தால் நான் மிஞ்சுவேன் என்று எனக்கே தெரியவில்லை. வீட்டில் கஞ்சி ஊற்றும்போதும், தண்ணீர்க் குழாயடியில் சண்டை போடும்போதும் நான் எப்படிப் பேசுகிறேன் என்று கவனித்தேன். என் பேச்சு உண்மையில் வேகமானது, குட்டையானது. நான் ஒன்றும் வேடிக்கைக்காரி இல்லை. கேட்டுவிட்டுக் காத்திருப்பேன், அது மட்டும்தான் என்னுடையது. அண்ணன், "ரொம்ப மொட்டையாப் பேசுற, சனத்துக்குப் பிடிக்கல" என்றார். சில ஊர்கள் கூப்பிடுவதை நிறுத்தின. நிறுத்தட்டும் என்று இருந்தேன்.

இரண்டு வருஷம் கழித்து எங்கள் பகுதித் திருவிழா. செட்டு எங்களுடையது. மேடைக்குப் பக்கத்தில் ஆம்ப்ளிஃபையரைப் பார்த்துக்கொள்ள நான் உட்கார்ந்திருந்தேன். பல குரலில் பேசும் ஒரு இளைஞரை விழாக்குழு வெளியூரிலிருந்து வரவழைத்திருந்தது. நடிகர்கள் குரல், தலைவர்கள் குரல், ரயில் சத்தம் எல்லாம் ஆயின. பிறகு முந்தானை மாதிரித் துண்டைப் போட்டுக்கொண்டு, "இப்ப உங்க ஊரு மைக் பொம்பள!" என்றார்.

கூட்டம் ஆரவாரித்தது. நான் விட்டொழித்த அத்தனையும் அவர் வாயில் இருந்தது. "ஆத்தாடி ஆத்தாடி ஆத்தாடி!" அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அது என் குற்றம். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. ஊசிக் கதையை யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். லயத்துப் பெண்களாகவும் அவரே நடித்தார். ஊசியைப் பார்த்து மரத்தில் ஏறுகிறவள், மாட்டுக்குப் போடுங்கள் என்று கெஞ்சுகிறவள், மலையாளமும் தமிழும் கலந்து உளறுகிறவள். முன் வரிசையில் மேனேஜர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். கதவுக்குப் பின்னால் நின்று, "மெய்யா?" என்று கேட்ட அந்தக் குரல் எனக்கு ஞாபகம் வந்தது. அவள் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்த்ததில்லை.

கையை நீட்டி ஆம்ப்ளிஃபையரில் மேடை மைக்குக்கான திருகைத் திருப்பினேன். சத்தம் நின்றது. மேடையில் அவர் வாய் மட்டும் அசைந்தது. "கரண்டு போச்சா?" என்று கூட்டத்தில் கேட்டார்கள். விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. சோதனைக்கு வைத்திருக்கும் மைக்கை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"கரண்டு போகல. நான்தேன் நிப்பாட்டுனேன். என்னப் பத்திப் பேசுனது போகட்டும். அன்னைக்குப் பயந்த பொம்பளைக ஒருத்தியும் முட்டாள் இல்ல. பிள்ளையப் பிடுங்கிருவாகளோன்னு பயந்தாக. அது சிரிப்பா? யாருக்குச் சிரிப்பு வந்துச்சு, சொல்லுங்க."

கேட்டுவிட்டு நின்றேன். பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்தில் ஏதோ சலசலப்பு. பிறகு ஆண்கள் பக்கமிருந்து ஒருவர், "ஆட்டத்தக் கெடுக்காத, உக்காரு!" என்று கத்தினார். இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். விழாக்குழுத் தலைவர் ஓடி வந்தார். அண்ணன் என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். எனக்காக, என்னைக் கேட்காமல்.

அந்த இளைஞர் பிறகு என்னிடம் வந்தார். துண்டைத் தோளில் ஒழுங்காகப் போட்டிருந்தார்.

"அக்கா, உங்களப் பெருமப்படுத்தத்தான செஞ்சேன்? பேரு இருக்கவுகளத்தான் செஞ்சு காட்டுவோம்."

"என்னப் பெருமப்படுத்த அவுகள எதுக்குத் தம்பி மரத்துல ஏத்துன?"

"அதுக்குத்தான்க்கா கைதட்டு விழுகுது" என்றார். பொய் சொல்லாமல் சொன்னார். அதனால் அவர்மேல் எனக்குக் கோபம் குறைந்துபோனது. அந்தக் கைதட்டு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாதா என்ன?

அடுத்த வருஷம் திருவிழாவுக்கு வேறு கடைச் செட்டு வந்தது. அண்ணன் ஒரு மாதத்துக்கு மேல் என்னோடு பேசவில்லை. பேச ஆரம்பித்தபோதும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் செய்தது சரி என்று அவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கு வேண்டியதும் அது இல்லை. கடையில் என் இடத்தை அவர் எடுத்துவிடவில்லை, அது போதுமாயிருந்தது. கூப்பிடுகிற ஊர்களுக்குப் போனேன். காணாமல் போன மாடு, தண்ணீர் வராத நாள், பள்ளிக்கூடத்தில் சேர்க்கை என்று சொல்ல வேண்டியதை மட்டும் சொன்னேன். நான் பேசினால் யாரும் இப்போது சிரிப்பதில்லை. சில சமயம் வாசலுக்கு வந்து, "எத்தன மணிக்குத்தா?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஜீப்பை நிறுத்திப் பதில் சொல்வேன்.

எண்பதுகளின் கடைசியில் எழுத ஆரம்பித்தேன். பத்திரிகையில் வந்த என் முதல் எழுத்தைப் படித்த ஒருவர், "இதில் மண்வாசனை போதவில்லை, உங்கள் ஊர்ச் சொற்களை இன்னும் நிறையப் போடுங்கள்" என்று கடிதம் எழுதினார். நல்ல மனதோடுதான் எழுதியிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கே பதில் எழுதி, அன்றைக்கே தபாலில் சேர்த்தேன்: "ஐயா, நான் பேசுகிற அளவுக்குத்தான் எழுதியிருக்கிறேன். அதற்கு மேல் என்னிடம் இல்லை."